டபுள் பேஸ் கற்கத் தொடங்குபவர்களுக்கு: விரலைப் பழிக்கும் முன் குதிரையைப் பாருங்கள்

வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியமான டபுள் பேஸை வாங்கிய புதிதில் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "கம்பியை அழுத்தவே முடியலை." விரலில் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ரப்பர் பந்தை அமுக்கிப் பழகுகிறார்கள். வலியோடு வாசிக்கிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் வாத்தியம் சுவரோரம் போய்விடுகிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வாத்தியத்தை வாங்கிய கடையில் யாரும் கம்பி உயரத்தைப் பார்க்கவில்லை, எனக்கும் பார்க்கத் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு மூத்த வாசிப்பாளர் வீட்டுக்கு வந்தபோது, விரல்பலகையின் நுனியில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தார். இருப்பதிலேயே தடித்த இ கம்பி 14 மி.மீ. உயரத்தில் நின்றது. கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையைச் செதுக்கி 9 மி.மீ.க்கு இறக்கிய அன்று மாலையே, ஆறு மாதமாக வராத ஸ்வரங்கள் முதல் முயற்சியில் வந்தன. என் விரல் ஒரே நாளில் பலம் பெற்றுவிடவில்லை. அதுவரை வாத்தியத்தோடு வீணாக மல்லுக்கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆகவே இங்கே வாத்தியம் சரியாக இருக்கிறதா என்பதில்தான் தொடங்குகிறேன். நிற்பது, இடது கை, வில் எல்லாம் அதற்குப் பிறகு. கம்பியும் மற்ற சாமான்களும் கடைசியில். வீணை, வயலின் வாசிக்கிறவர்கள் வாயில் புழங்கும் குதிரை, பிருடை (கம்பியை முறுக்கும் திருகு) போன்ற வார்த்தைகளையே இங்கும் பயன்படுத்துகிறேன். பொருள் ஒன்றுதான், அளவுதான் பெரிது.

எந்த அளவு, எந்த மரம்

கடையில் "முக்கால் அளவு" என்று சொன்னால் சிறுவர்களுக்கானது என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பெரியவர்களில் பெரும்பாலோர் வாசிப்பது முக்கால் அளவுதான். நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படியும் சிறு கட்டை) குதிரை வரை கம்பியின் நீளம் அதில் சுமார் 104 முதல் 106 செ.மீ. வரை இருக்கும். முழு அளவு வாத்தியம் அபூர்வம். உயரம் குறைந்தவர்களும், பதின்வயதுப் பிள்ளைகளும் அரை அளவைப் பார்க்கலாம்.

மரத்தில் மூன்று வகை உண்டு. முழுவதும் பிளைவுட்டில் செய்தது, மேல்பலகை மட்டும் செதுக்கிய ஸ்ப்ரூஸ் மரமாகவும் மீதி பிளைவுட்டாகவும் உள்ளது, முழுவதும் செதுக்கிய மரத்தில் செய்தது. செதுக்கியதன் நாதம் ஆழமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி கடலோர ஊரில் முதல் வாத்தியமாக வாங்குவது பிளைவுட்டாக இருக்கட்டும் என்பேன். மழைக்காலத்து ஈரத்தில் மரம் ஊதும், ஏசி அறையில் காய்ந்து சுருங்கும். செதுக்கிய மேல்பலகை இந்த இழுபறியில் விரிசல் விடும், பிளைவுட் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வாடகைக்குக் கிடைத்தால் முதல் வருடம் வாடகைக்கே எடுங்கள்.

பழைய வாத்தியம் பார்க்கப் போனால் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, ஓரங்களைச் சுற்றி விரல் முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். பசை விட்ட இடத்தில் சத்தம் மாறி, சலசலவென்று கேட்கும். இரண்டு, கீழே இருந்து விரல்பலகை நெடுகக் கண்ணை ஓட்டிப் பாருங்கள். லேசான குழிவு இருக்கலாம், நடுவில் மேடு இருக்கக் கூடாது. மூன்று, எஃப் வடிவ ஓட்டை வழியாக டார்ச் அடித்து உள்ளே சவுண்ட்போஸ்ட் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையில் நிற்கும் அந்தக் குச்சி எதிலும் ஒட்டியிருக்காது, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. இதைக் கம்பி மாற்றும்போது மறக்கக் கூடாது.

முதல் வேலை: கம்பி உயரம்

விரல்பலகை முடிகிற இடத்தில், பலகைக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளங்கள். கற்கத் தொடங்குபவருக்கு மிக மெல்லிய ஜி கம்பி 5 முதல் 6 மி.மீ., இ கம்பி 8 முதல் 9 மி.மீ. இருந்தால் வசதி. ஆர்க்கெஸ்ட்ராவில் வில்லால் ஓங்கி வாசிப்பவர்கள் இதைவிட ஒன்றிரண்டு மி.மீ. உயர்த்தி வைப்பார்கள், ஜாஸில் மீட்டி மட்டும் வாசிப்பவர்கள் இன்னும் தாழ்த்தி வைப்பார்கள். 12, 14 என்று வந்தால் அதில் யாராலும் நிம்மதியாகக் கற்க முடியாது.

அடுத்து மேலே, நட் பக்கம். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைய வேண்டும், இரண்டு நுழைந்தால் அதிகம். இந்த உயரத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் ஆரம்பப் பாடங்கள் எல்லாம் நட்டுக்குப் பக்கத்தில்தான் நடக்கின்றன. முதல் மாதத்து வலிக்குக் காரணம் அனேகமாக அங்கேதான் இருக்கும்.

இரண்டையும் சரிசெய்வது கைதேர்ந்தவர் வேலை. பேஸுக்கென்று ஆள் கிடைக்காவிட்டால், வயலின் பழுதுபார்க்கும் நல்ல கைவினைஞரிடம் இந்த அளவுகளைச் சொல்லிச் செய்துகொள்ளலாம். அப்போதே குதிரையின் இரு கால்களிலும் சிறிய திருகுச் சக்கரங்கள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மேல்பலகை உப்பி, கம்பி உயரம் ஏறும். அந்தச் சக்கரத்தை ஒரு சுற்றுத் திருப்பி நீங்களே இறக்கிக்கொள்ளலாம். திருப்பும் முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.

புதுக் கம்பிக்குப் பணம் செலவழிப்பது இதற்கெல்லாம் பிறகுதான். உயரம் சரியில்லாத வாத்தியத்தில் எவ்வளவு விலை உயர்ந்த கம்பியைப் போட்டாலும் கை வலிக்கத்தான் செய்யும்.

நிற்பது

எண்ட்பின் என்று சொல்லும் ஊன்றுகம்பியின் உயரத்தை, நேராக நிற்கும்போது நட் உங்கள் புருவத்துக்குப் பக்கமாக வருகிற மாதிரி வையுங்கள். இது தொடக்கக் கணக்குதான். கடைசி முடிவை வலது கை சொல்லும்: கையைத் தளரத் தொங்கவிட்டு வில்லைப் பிடித்தால், அது விரல்பலகையின் முடிவுக்கும் குதிரைக்கும் நடுவில் போய் உட்கார வேண்டும். அதற்காகக் குனிய வேண்டியிருந்தால் எண்ட்பின்னை உயர்த்துங்கள்.

இடது காலை அரை அடி முன்னே வையுங்கள். வாத்தியத்தின் பின்பக்க விளிம்பு இடது இடுப்புக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில் சாயட்டும், வாத்தியம் லேசாக உங்களை நோக்கித் திரும்பி இருக்கட்டும். இப்போது இரண்டு கைகளையும் எடுத்துவிடுங்கள். வாத்தியம் விழாமல் உடம்பில் சாய்ந்தபடி நிற்கிறதா? நின்றால் சரி. நிற்காவிட்டால் இடது கைதான் வாத்தியத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தாங்கும் கையால் ஸ்வரம் பிடிக்க முடியாது. முதல் வாரம் தினமும் இதைச் செய்துபாருங்கள், கண்ணாடி முன் நின்றால் இன்னும் நல்லது.

உட்கார்ந்து வாசிப்பதும் முறையானதுதான். உயரமான ஸ்டூலில் அமர்ந்து, வலது பாதம் தரையில் ஊன்ற, இடது பாதம் ஸ்டூலின் குறுக்குக் கட்டையில் இருக்கும். நீண்ட ஒத்திகைக்கு இது முதுகைக் காப்பாற்றும். முதல் சில மாதம் நின்று பழகினால் உடம்பின் எடை எங்கே இறங்குகிறது என்பது புரியும்.

இடது கை: மூன்று விரல், ஒரு கை

கம்பிகள் கீழ்ச்சுருதியிலிருந்து மேலாக இ, ஏ, டி, ஜி (E, A, D, G). பேஸ் கிட்டாருக்கும் இதே சுருதிதான், அதனால் கிட்டாரிலிருந்து வருபவர்களுக்கு ஸ்வரங்களின் இடம் தெரிந்திருக்கும். தூரம்தான் ஏமாற்றும். வயலினில் நட்டிலிருந்து முதல் அரைஸ்வரம் சுமார் 1.8 செ.மீ. தள்ளி இருக்கிறது. 104 செ.மீ. கம்பியில் அதே அரைஸ்வரம் 5.8 செ.மீ. தள்ளி. கிட்டாரில் செய்வது போல அரைஸ்வரத்துக்கு ஒரு விரல் என்று நான்கு விரலையும் விரித்தால் கை கிழிந்துபோகும்.

இதற்காக ஏற்பட்ட முறைதான் 1-2-4. ஆட்காட்டி விரல் 1, நடுவிரல் 2, சுண்டுவிரல் 4. மோதிர விரல் சுண்டுவிரலோடு சேர்ந்தே இறங்கி அதற்குத் துணை நிற்கும். 1-லிருந்து 2 அரைஸ்வரம், 2-லிருந்து 4 இன்னொரு அரைஸ்வரம். வியன்னாவில் கற்பித்த பிரான்ஸ் சிமாண்டில் (1840–1912) வகுத்த பாடமுறை இதன் மேல்தான் நிற்கிறது. இன்றும் பெரும்பாலான ஆசிரியர்கள் தொடங்கும் இடம் இதுதான். அலெப்போவில் பிறந்து பாரிஸில் குடியேறிய பேஸ் வாசிப்பாளர் பிரான்சுவா ரபாத், கட்டைவிரலை நகர்த்தாமல் கையைச் சாய்த்தே பக்கத்து ஸ்வரங்களை எட்டும் வழிகளைப் பின்னாளில் காட்டினார். அது அழகான முறை, ஆனால் 1-2-4 கையில் படிந்த பிறகு போங்கள்.

கட்டைவிரல் கழுத்தின் பின்னால், நடுவிரலுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். ஒரு டம்ளரைப் பிடித்திருப்பது போல உள்ளங்கை கழுத்தைத் தொடாமல் வளைந்திருக்கட்டும். முழங்கை தொங்கிவிடக் கூடாது.

இப்போது முக்கியமான சோதனை. ஜி கம்பியில் முதல் விரலை வைத்து ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்வரம் நிற்கிறதா? நின்றால் கம்பியை அழுத்துவது உங்கள் கையின் எடை. நிற்காவிட்டால் இடுக்கி மாதிரி கிள்ளிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தோளைத் தளர்த்தி, கை முழுவதையும் கம்பியில் தொங்கவிடுங்கள், கிணற்றுக் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி. சீராக்கிய வாத்தியத்தில் இதைப் பத்து நிமிடத்தில் உணரலாம்.

விரல் நுனி எரிவதும், முன்கைத் தசை சோர்வதும் இயல்பு. கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ குத்துவலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இருபது நிமிடம் வாசி, ஐந்து நிமிடம் இறக்கி வை என்பது முதல் மூன்று மாதத்துக்குப் போதுமான ஒழுங்கு.

சுருதியைக் கண்ணால் பார்ப்பது

இந்த வாத்தியத்தில் வீணை, கிட்டாரில் இருப்பது போன்ற மெட்டு (ஃபிரெட்) கிடையாது. விரல் சரியான இடத்தில் விழுந்ததா என்பதை வாத்தியமே காட்டிக்கொடுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஜி கம்பியில் நட்டிலிருந்து சுமார் 11.3 செ.மீ. தள்ளி முதல் விரலை வைத்தால் ஏ ஸ்வரம். அதை மீட்டிவிட்டு, யாரும் தொடாத ஏ கம்பியைப் பாருங்கள். ஸ்வரம் சுத்தமாக இருந்தால் அந்தக் கம்பி தானாகவே நடுங்கும், அதன் ஓரங்கள் மங்கித் தெரியும். விரலைக் கொஞ்சம் நகர்த்துங்கள், நடுக்கம் அடங்கிவிடும். டி கம்பியில் அதே இடத்தில் முதல் விரலை வைத்தால் இ ஸ்வரம், அதற்கு இ கம்பி நடுங்கும். முதன்முதலில் இதைப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மணி நேரம் அந்த இரண்டு ஸ்வரங்களைத் தவிர வேறு எதுவும் வாசிக்கவில்லை.

பயிற்சிக்கு நம் சுருதிப் பெட்டியைவிட நல்ல துணை இல்லை. தம்புராச் செயலியை டி-யில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கரில் ஓடட்டும். அதன் மேல் டி, ஏ, ஜி என்று ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீட்டி வாசியுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் வாயால் பாடிவிட்டு விரலை வையுங்கள். குரல் எட்டாத கீழ் ஸ்வரமானால் மேல் ஸ்தாயியில் பாடினாலும் போதும்.

கம்பிகளைச் சுருதி சேர்ப்பதில் புதியவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. திறந்த இ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், ஃபோன் ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் கேட்காது. ஃபோன் ட்யூனரும் பல நேரம் குழம்பும். குதிரையில் கவ்வி வைக்கும் கிளிப் ட்யூனர் ஒன்று வாங்குங்கள். கூடவே ஹார்மோனிக்கில் சேர்க்கவும் பழகுங்கள்: ஏ கம்பியின் நீளத்தில் நட்டிலிருந்து நான்கில் ஒரு பங்கு தூரத்தில் முதல் விரலால் மெல்லத் தொட்டு மீட்டுங்கள், அழுத்த வேண்டாம். பக்கத்து டி கம்பியில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், அதே கையின் சுண்டுவிரல் விழும் இடத்தில், தொட்டு மீட்டுங்கள். இரண்டும் 220 ஹெர்ட்ஸ் ஏ. சேராமல் இருந்தால் இரண்டுக்கும் நடுவே அலை அடிக்கும், அலை மெதுவாகி அடங்கும்வரை பிருடையைத் திருப்புங்கள். ஒவ்வொரு ஜோடிக் கம்பிக்கும் இதே இடம், இதே விரல்.

கழுத்தும் உடலும் சேரும் வளைவில் கட்டைவிரல் போய் முட்டும்போது, பல வாத்தியங்களில் முதல் விரல் ஜி கம்பியில் டி ஸ்வரத்தில் விழும். சிலவற்றில் அரைஸ்வரம் மேலே, இ ஃபிளாட்டில் விழும். உங்கள் வாத்தியம் எந்த ரகம் என்று தெரிந்துவைத்துக்கொண்டால், இருட்டிலும் கைக்கு ஓர் அடையாளக் கல் கிடைத்துவிடும். பொசிஷன் (கழுத்தில் கை நிற்கும் இடம்) மாறும்போது விரல் மட்டும் ஓடக் கூடாது, கட்டைவிரலும் முழங்கையும் சேர்ந்து ஒரே துண்டாக நகர வேண்டும். கம்பியின் மேல் எடையைக் குறைத்து, தொட்டபடியே வழுக்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி எடையைப் போடுங்கள்.

வலது கை

மீட்டும்போது கட்டைவிரலை விரல்பலகையின் ஓரத்தில் சாய்த்துக்கொண்டு, ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுச் சதையால், பலகை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் கம்பியை இழுங்கள். விரல் நுனியால் கொக்கி போட்டு மேலே தூக்கினால் கம்பி பலகையில் அடித்துப் படபடக்கும். பக்கவாட்டாக, கையின் எடையோடு இழுத்து, விரல் அடுத்த கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்கட்டும். சத்தம் உருண்டு வரும். தாளம் தட்டும் ஒரு மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, நான்கு திறந்த கம்பிகளையும் அடிக்கு ஒன்றாக, அடுத்த ஸ்வரம் வரும்வரை முந்தையது அறுந்துவிடாமல் வாசிப்பதே முதல் வாரத்துப் பாடம். கொப்புளம் கட்டுவதற்கு முன் நிறுத்துங்கள். உடைந்துவிட்டால் ஒரு வாரம் போய்விடும்.

ஜாஸ் மட்டும்தான் வாசிப்பேன் என்பவர்களும் வில் பழக வேண்டும் என்று வற்புறுத்துவேன். மீட்டிய ஸ்வரம் தேய்ந்து மறைந்துவிடும், பிழையும் அதோடு மறையும். வில் இழுக்கும்போது ஸ்வரம் எத்தனை நொடி நிற்கிறதோ அத்தனை நொடியும் பிழை காதில் கேட்கும்.

வில்லில் இரண்டு வகை. பிரெஞ்சு வில்லை செல்லோ வில் மாதிரி மேலிருந்து பிடிக்க வேண்டும். ஜெர்மன் வில்லின் அடிக்கட்டை உயரமானது, அதைக் கீழிருந்து, உள்ளங்கைக்குள் வைத்துப் பிடிப்பார்கள். எது உயர்ந்தது என்ற வாதத்தில் இறங்காதீர்கள், உங்கள் ஆசிரியர் எதைப் பிடிக்கிறாரோ அதை வாங்குங்கள். ஆசிரியர் இல்லாமல் தொடங்குகிறவர், வயலின் பழகியவரானால் பிரெஞ்சு வில் சீக்கிரம் கைக்கு வரும். வயலின் வில் 60 கிராம், பேஸ் வில் அதைப் போல இரு மடங்குக்கு மேல். அந்த எடையைக் கம்பியில் சாய விடுங்கள், மேலிருந்து அமுக்கத் தேவையில்லை. மெதுவாக, குதிரைக்குக் கொஞ்சம் பக்கமாக, கம்பிக்குச் செங்குத்தாக இழுங்கள். கீழ்க் கம்பிகள் பேச ஆரம்பிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், வில் நகரும் முன்பே முடி கம்பியைக் கவ்விக்கொள்ள வேண்டும். ஒரு வில்லுக்கு எட்டு எண்ணிக்கை, திறந்த கம்பி, தினமும் பத்து நிமிடம். வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்த மறக்காதீர்கள்.

கம்பி வாங்குவது

டபுள் பேஸ் கம்பி விலையில் வயலின் கம்பியைப் போலப் பல மடங்கு, ஆயுளிலும் அப்படித்தான். அதனால் வாங்கும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: அதிகம் மீட்டப்போகிறீர்களா, வில் போடப்போகிறீர்களா?

மீட்டுவதற்கு ஜாஸ்காரர்கள் பெரிதும் நாடுவது தோமாஸ்டிக் ஸ்பைரோகோர். முறுக்கிய எஃகு உள்ளீடு கொண்டது. மீட்டினால் நாதம் நீண்டு நிற்கும், ஒருவித உறுமல் உண்டு, வருடக்கணக்கில் உழைக்கும். புதுசாக இருக்கும்போது வில்லுக்குச் சுலபத்தில் இணங்காது. வில்லுக்கு, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு என்றால் பிராஸ்ட்ரோ ஃபிளெக்ஸோகோர், டடாரியோ ஹெலிகோர் ஆர்க்கெஸ்ட்ரல் போன்றவை. வில் தொட்டதும் பேசும், மீட்டினால் நாதம் கொஞ்சம் சீக்கிரம் அடங்கும். இரண்டும் செய்வேன் என்பவருக்கு ஹெலிகோர் ஹைப்ரிட் ஒரு நியாயமான நடுவழி. செயற்கை இழை உள்ளீடு கொண்ட பிராஸ்ட்ரோ ஆப்ளிகாடோ, இவா பிராஸி இரண்டும் விரலுக்கு மென்மையானவை, நரம்புக் கம்பியின் வெதுவெதுப்பான நாதத்துக்குப் பக்கத்தில் வருபவை.

நரம்புக் கம்பி என்பது ஆட்டுக்குடலில் செய்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அதுதான் பேஸின் குரல். இன்றும் பழைய பாணி இசைக்குழுக்களும் ராக்கபில்லி (பழைய ராக் அண்ட் ரோல் பாணி) வாசிப்பவர்களும் போடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த நாதம் அது. ஆனாலும் புதியவருக்குச் சொல்ல மாட்டேன். கடலோரக் காற்றின் ஈரத்தில் சுருதி மணிக்கு மணி இறங்கி ஏறும்.

என் கருத்தில், முதல் செட்டாக ஹெலிகோர் ஹைப்ரிட்டையோ, மீட்டுவதுதான் முக்கியம் என்றால் ஸ்பைரோகோர் வைஷையோ வாங்குங்கள். ஜெர்மன் மொழியில் வைஷ் என்றால் மென்மை, மிட்டெல் என்றால் நடுத்தரம், ஸ்டார்க் என்றால் வலுவானது. உறையில் இந்த வார்த்தையைப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: "சோலோ" என்று போட்டிருக்கும் செட்டை வாங்கிவிடாதீர்கள். அது ஒரு முழு ஸ்வரம் உயர்த்தி, எஃப் ஷார்ப், பி, இ, ஏ என்று சுருதி சேர்ப்பதற்கானது. வழக்கமான சுருதிக்கு இறக்கினால் தளர்ந்துபோகும்.

பேஸ் வாசிப்பவர்கள் கம்பி வகையை மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள். அவர்கள் கழற்றி வைத்த எஃகுக் கம்பிகள் நல்ல நிலையில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். முறுக்கோ மடிப்போ இல்லை என்றால் தயங்காமல் வாங்கலாம். எந்த வகை உங்களுக்குப் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

கம்பி மாற்றும்போது

நான்கு கம்பிகளும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை சரியும், உள்ளே சவுண்ட்போஸ்ட் விழும். அதை மறுபடி நிறுத்துவது நம் வேலை அல்ல. ஆகவே ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டுச் சுருதிக்கு ஏற்றிய பிறகே அடுத்தது.

பழைய கம்பியை எடுத்ததும், நட்டிலும் குதிரையிலும் உள்ள பள்ளத்தில் மெல்லிய பென்சிலைத் தேய்த்துக் கரி பூசுங்கள். கம்பி சிக்காமல் வழுக்கும். பிருடையில் இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் விழட்டும். சுருதி ஏறும்போது குதிரையின் தலை விரல்பலகைப் பக்கம் இழுபடும், இதைக் கவனிக்காமல் விட்டால் குதிரை வளைந்துபோகும். குதிரையின் டெயில்பீஸ் (கம்பிகளின் கீழ்முனை மாட்டியிருக்கும் கட்டை) பக்க முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று ஒவ்வொரு கம்பிக்குப் பிறகும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சாய்ந்திருந்தால் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுங்கள். புதுக் கம்பி இழுபட்டு நிலைக்கச் சில நாள் ஆகும், அதுவரை அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டியிருக்கும்.

மற்ற சாமான்கள்

வில்லின் முடியில் பூசும் பிசினான ரோசினில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வயலின் ரோசின் இதற்கு ஆகாது, அது கெட்டி. பேஸ் ரோசின் பிசுபிசுப்பானது. பாப்ஸ் என்பது மிக மென்மையான ரகம், நன்றாகக் கவ்வும். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெல்லப்பாகு மாதிரி உருகி, பை முழுக்க ஒழுகிவிடும். வெயில் ஊர்களில் நைமன்ஸ், கார்ல்சன் போன்ற கெட்டி ரகங்கள் நிம்மதி. எதுவானாலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில், மேல்பக்கம் மேலாகவே வையுங்கள். வில்லில் பூசும்போது ஒரே திசையில் மூன்று நான்கு இழுப்பு போதும். முன்னும் பின்னும் தேய்த்தால் வில் ரோசினில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வாசித்து முடித்ததும் கம்பியிலும் மேல்பலகையிலும் படிந்த பொடியை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ரோசின் துணி தனி, விரல்பலகைத் துணி தனி.

எண்ட்பின்னுக்கு நல்ல ரப்பர் நுனி அவசியம். டைல்ஸ் தரையில் வாத்தியம் சறுக்கினால் அதோடு விரல்பலகையும் குதிரையும் போகும். எண்ட்பின் கம்பியின் தடிமன் வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும், 8 மி.மீ., 10 மி.மீ. இரண்டும் பரவலாக உண்டு. அளந்துவிட்டு வாங்குங்கள்.

மேடையில் ஒலிபெருக்க, குதிரையில் பொருத்தி அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பீயெஸோ பிக்கப் வகைகளே அதிகம் புழங்குகின்றன. அதை நேராக மிக்ஸரில் செருகினால் குரல் மெலிந்து மூக்கால் பேசுவது போல வரும். அதனால் பிக்கப்பைக் குறை சொல்கிறவர்கள் நிறைய. குறை பெரும்பாலும் நடுவே ப்ரீஆம்ப் (சமிக்ஞையைப் பெருக்கும் சிறு கருவி) இல்லாததுதான். உள்ளீட்டு மின்தடை 1 மெகா ஓமுக்குக் குறையாத ப்ரீஆம்ப் வைத்ததும் கீழ்ஸ்தாயி திரும்பி வரும். முதல் வருடத்தில் இதற்குச் செலவழிக்க வேண்டாம். அக்கம்பக்கத்து வீடுகளுக்காக சத்தத்தைக் குறைக்கும் ஒரு ரப்பர் மியூட் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பஞ்சு வைத்த உறை வாங்குங்கள், தோள்பட்டி இரண்டு இருக்கட்டும். காரில் ஏற்றுவதானால் முன் இருக்கையைச் சாய்த்து, கழுத்து இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் வரும்படி படுக்க வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வாத்தியத்தை விட்டுவிட்டுப் போகவே கூடாது. இணைப்புகளில் இருப்பது பெரும்பாலும் தோல் பசை, சூட்டில் இளகும். தரையில் வைக்கும்போது எப்போதும் பக்கவாட்டில், குதிரை சுவரைப் பார்த்தபடி இருக்கட்டும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஒரு சிறிய ஈரமானியைச் சுவரில் மாட்டி, ஏசி ஓடும் நாட்களில் ஒரு பார்வை பாருங்கள்.

கழற்றிய பழைய செட்டை எறிந்துவிடாதீர்கள். புதுக் கம்பி வந்த உறைகளிலேயே, எந்தக் கம்பி, எந்தத் தேதியில் கழற்றியது என்று எழுதி, பெரிய வளையமாகச் சுருட்டி வாத்திய உறையின் பக்கப்பையில் போட்டு வையுங்கள். கச்சேரி நாளில் ஒரு கம்பி அறுந்தால், இழுபட்டு நிலைத்த அந்தப் பழைய கம்பி, பத்து நிமிடத்தில் சுருதியில் நின்றுவிடும்.